உயிலா, செட்டில்மெண்ட் பத்திரமா? சென்னையில் ஒரே வீடு உள்ள பெற்றோருக்கான ஒப்பீடு

சென்னையில் சொந்த வீடு வைத்திருக்கும் முதியவர் ஒருவர், தம் காலத்துக்குப் பிறகு அது பிள்ளைகளுக்குச் சேர என்ன வழி என்று பத்திர எழுத்தரிடம் கேட்டால், பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைத்துவந்தது: "உயில் எழுதினால் பிள்ளைகள் ஹைகோர்ட்டுக்குப் போய்ப் புரோபேட் வாங்க வேண்டும், செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள்." புரோபேட் என்பது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் ஆணை, செட்டில்மெண்ட் என்பது உயிருடன் இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம். என் தந்தைக்கும் இந்த அறிவுரையைத்தான் சொன்னார்கள். அவருக்கு வயது 79. மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் வீடு அவருடைய சம்பளத்தில் வாங்கிய சுயார்ஜிதச் சொத்து. அம்மாவும் அவரும் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள், கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் அக்கா. கீழ்த்தளம் அக்காவுக்கும், மேல்தளம் எனக்கும் தம்பிக்கும் என்பது அப்பாவின் விருப்பம், அதில் எங்கள் இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. இருந்தும் எந்தப் பத்திரத்தின் வழியாக இதைச் செய்வது என்று முடிவெடுக்க நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் நாங்கள் எடைபோட்டுப் பார்த்தவற்றை, இதே இடத்தில் நிற்கும் மற்ற குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213 ஆகிய பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால், சென்னை, மும்பை உயர்நீதிமன்றங்களின் அசல் உரிமையியல் எல்லைக்குள்ளும் (உரிமையியல் வழக்குகளை உயர்நீதிமன்றமே நேரடியாக விசாரிக்கும் நகர எல்லை) பழைய வங்காளப் பகுதியிலும், இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் எழுதிய உயிலையோ, அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றி வேறெங்கேனும் எழுதப்பட்ட உயிலையோ காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர வேண்டுமானால், முதலில் புரோபேட் பெற்றாக வேண்டும் என்று இருந்தது. அந்த எல்லைக்கு வெளியே தாம்பரத்தில் இருக்கும் வீட்டுக்குத் தாம்பரத்திலேயே உட்கார்ந்து உயில் எழுதியவரின் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை, அதே வீட்டுக்கு எல்லைக்குள் மயிலாப்பூரில் உட்கார்ந்து கையெழுத்திட்டிருந்தால் இருந்தது. முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் ஒருபோதும் இருந்ததில்லை. கிறிஸ்தவர்கள் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விலக்குப் பெற்றனர். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மதத்தைப் பொறுத்து வெவ்வேறு நடைமுறை என்பது நெடுங்காலம் நீடித்த அநீதி என்றே நான் கருதுகிறேன்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் இந்த 213ஆவது பிரிவை எடுத்துவிட்டது. இனி எழுதப்போகும் உயிலுக்குச் சென்னை என்ற காரணத்தால் மட்டும் புரோபேட் கட்டாயமில்லை. ஏற்கெனவே ஏற்பட்டுவிட்ட உரிமைகளையும் கடப்பாடுகளையும் காக்கும் பிரிவு அந்தச் சட்டத்தில் இருப்பதால், அதற்கு முன்பே காலமானவரின் உயிலைக் கையில் வைத்திருப்பவர்கள் மட்டும் தங்கள் நிலையை ஒரு வழக்குரைஞரிடம் தனியே கேட்டுக்கொள்வது அவசியம். மற்றவர்களைப் பொறுத்தவரை, செட்டில்மெண்டுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டுவந்த மிகப் பெரிய வாதம் விழுந்துவிட்டது. அந்த வாதம் இல்லாமலும் செட்டில்மெண்ட் நிற்கிறதா என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது.

அதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் இந்த உச்சவரம்புகளை உயர்த்தும்வரை அவை முறையே 25,000 ரூபாயாகவும் 4,000 ரூபாயாகவும் இருந்தன. மதிப்பு 40 லட்சத்தைத் தாண்டும் எந்தச் சென்னை வீட்டுக்கும், அது ஒரு கோடியானாலும் மூன்று கோடியானாலும், மொத்தம் 50,000 ரூபாய்தான். பதிவான சில நாட்களில் வில்லங்கச் சான்றில் பிள்ளையின் பெயர் ஏறிவிடும், பட்டா மாற்றத்துக்கும் சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கும் வேறு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். எழுதிக் கொடுத்தவரே உயிருடன் இருந்து சார்பதிவாளர் முன் கைரேகை வைத்திருப்பதால், அவர் மறைந்த பிறகு "இது அப்பாவின் கையெழுத்தே இல்லை" என்று ஒருவர் கிளம்புவதும் எளிதல்ல.

ஆனால் செட்டில்மெண்ட் என்பது அன்றைக்கே உரிமையைக் கைமாற்றுவது. இதை எல்லோரும் வாயளவில் ஒப்புக்கொள்கிறார்கள், அதன் பொருளை முழுமையாக நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. என் அத்தை தமது ஒரே வீட்டை எந்த நிபந்தனையும் இல்லாமல் மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். மகன் நல்லவர்தான், தாயைக் கைவிடவில்லை. தொழிலில் ஏற்பட்ட நெருக்கடிக்கு வீட்டை அடமானம் வைத்தார், கடன் மீளவில்லை, ஏல அறிவிப்பு வாசலில் ஒட்டப்பட்ட அன்றுதான் அந்த வீட்டில் தமக்குச் சட்டப்படி ஒரு செங்கல்கூட இல்லை என்பது அத்தைக்கு உறைத்தது. மகனின் குணத்தை மட்டும் பார்த்து எழுதிய பத்திரம், மகனின் கடன்காரர்களுக்கும் சேர்த்து எழுதியதாக முடிந்தது.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது, எங்களுக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் மட்டுமே அதைக் குறிப்பிட்டார். எழுதி வாங்கிய பிள்ளை பெற்றோருக்கு முன்பே இறந்துவிட்டால், அந்த வீடு பெற்றோரிடம் திரும்பாது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் மகனின் முதல் வகுப்பு வாரிசுகள் அவனுடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர். தந்தை அந்த வகுப்பில் இல்லை. தாம் கட்டிய வீட்டைத் தாமே மகனுக்கு எழுதிக் கொடுத்த தந்தைக்கு, மகன் போன பிறகு அதில் பங்கே கிடையாது. மகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அவளுக்குப் பின் கணவனும் பிள்ளைகளும், பிள்ளைகள் இல்லையென்றால் கணவனும், அவரும் இல்லையென்றால் கணவனுடைய வாரிசுகளும் பெற்றோருக்கு முன்னால் வந்து நிற்பார்கள். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து தந்தை வழிக்குத் திரும்பும் என்று 15ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மைதான். அது வாரிசாக வந்த சொத்தைப் பற்றியது, தானமாக எழுதி வாங்கியதைப் பற்றியது அல்ல.

மனம் மாறினால் ரத்து செய்துகொள்ளலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, கொடுத்தவர் தம் விருப்பப்படி தானத்தைத் திரும்பப் பெறுவதை அனுமதிப்பதில்லை. ஒருதலைப்பட்சமான ரத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022ஆம் ஆண்டில் தெளிவாகவே சொல்லிவிட்டது. எஞ்சியிருப்பது 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாததாக அறிவிக்க அது வழி செய்கிறது. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாக விரிவாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆறுதலான தீர்ப்புதான். எனினும், எண்பது வயதில் பெற்ற பிள்ளைக்கு எதிராக மனுக் கொடுத்து விசாரணைக்கு அலைவதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. செட்டில்மெண்ட் எழுதியே தீர வேண்டும் என்பவர்கள், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதி வைத்தால் போதும், அந்த நிரூபணச் சுமை பெருமளவு குறையும். நாங்கள் பார்த்த மாதிரிப் பத்திரங்கள் ஒன்றிலும் அந்த வரி இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: உரிமையை இன்றே மாற்றிவிட்டு, ஆயுட்கால அனுபவ உரிமையை மட்டும் பெற்றோர் தங்களிடம் வைத்துக்கொள்வது. அத்தை இப்படி எழுதியிருந்தால் வீடு ஏலத்துக்குப் போயிருந்தாலும் அவரை வெளியேற்றியிருக்க முடியாது, அப்படிப்பட்ட பத்திரத்தின் மேல் பெருங்கடன் கொடுக்க வங்கியும் முன்வந்திருக்காது. இதில் கவனிக்க வேண்டியவை வாசகங்கள்தாம். அனுபவ உரிமை தந்தைக்கு மட்டும் என்று எழுதினால், அவருக்குப் பிறகு தாயின் நிலை பிள்ளையின் தயவு. எனவே "எனக்கும் எனக்குப் பின் என் மனைவிக்கும்" என்று இருக்க வேண்டும். அதேபோல், "என் காலத்துக்குப் பிறகு நீ சொத்தை அடைந்துகொள்ள வேண்டியது" என்று மட்டும் எழுதி, இன்றைக்கு எந்த உரிமையையும் கொடுக்காமல் விட்டால், தலைப்பில் செட்டில்மெண்ட் என்று போட்டிருந்தாலும் நீதிமன்றம் அதை உயிலாகவே பார்க்கும். பத்திரத்தின் பெயரைக் கொண்டு எதுவும் தீர்மானமாவதில்லை. உயில் என்று ஆகிவிட்டால், செட்டில்மெண்ட் கையில் இருப்பதாக நிம்மதியாக இருந்த பிள்ளை, பின்னால் வரும் இன்னொரு உயிலிடம் அதை இழக்கவும் கூடும்.

இனி உயில். முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவு கட்டாயமில்லை, பதிவு செய்வதற்குக் காலக்கெடுவும் இல்லை. எழுதியவர் கண்மூடும்வரை வீடு அவருடையதே, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். உயிலின் பலவீனம் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது: எழுதியவர் இல்லாத நாளில் அதை மெய்ப்பிக்க வேண்டும்.

என் பெரியப்பாவின் உயில்தான் இதை எங்களுக்குக் கற்றுத் தந்தது. 2001இல் எழுதியது, பதிவு செய்யாதது. சாட்சிகள் இருவரும் அவருடன் வேலை பார்த்தவர்கள், அவர் வயதை ஒத்தவர்கள். 2016இல் பெரியப்பா காலமானபோது ஒரு சாட்சி இறந்திருந்தார், மற்றவருக்கு நினைவு முற்றிலும் தப்பியிருந்தது. சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தை, நிரூபிக்கும்போது குறைந்தது ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். இருவருமே கிடைக்காதபோது, எழுதியவரின் கையொப்பத்தையும் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் வேறு வகையில் நிரூபிக்க வேண்டும். அதற்காக, இறந்துபோன சாட்சியின் வீட்டுக்குப் போய், அவருடைய பழைய ஓய்வூதியக் காகிதங்களில் கையெழுத்துத் தேடிய நாட்களை நான் மறக்கவில்லை. எல்லா மகன்களுக்கும் பங்கு கொடுத்த அந்த உயிலில் மகளுக்கு எதுவும் இல்லை, ஏன் இல்லை என்று ஒரு வரியும் இல்லை. அவர் எதிர்ப்பு மனுத் தாக்கல் செய்தார், ஓ.பி. என்னும் வெறும் மனுவாக இருந்தது டி.ஓ.எஸ். என்னும் முழு வழக்காக மாறியது, முடிய ஐந்து ஆண்டுகள் ஆயின. அவர் எதிர்த்ததில் எனக்கு இன்றும் குறை தோன்றவில்லை, தந்தை தன்னை ஏன் விட்டுவிட்டார் என்று கேட்கும் இடம் அவருக்கு வேறெங்கும் இருக்கவில்லை.

ஆகவே உயிலைத் தேர்ந்தெடுப்பவர் அதை எழுதுவதற்குச் செலவிடும் கவனத்தைவிட, மெய்ப்பிக்கத்தக்கதாக ஆக்குவதற்கு அதிகம் செலவிட வேண்டும். சாட்சிகள் எழுதுபவரைவிட இருபது முப்பது வயதாவது இளையவர்களாக, சென்னையிலேயே நிலையாக வசிப்பவர்களாக, உயிலால் எந்தப் பயனும் அடையாதவர்களாக இருப்பது நல்லது. எழுதுபவர் கையொப்பமிடுவதை அவர்கள் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். வயது முதிர்ந்தவராக இருந்தால், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரே ஒரு சாட்சியாக இருப்பது பெரும் பலம். உயிலைச் சுற்றியுள்ள ஐயத்துக்குரிய சூழ்நிலைகளைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1958ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டது. உயிலால் அதிகம் பெறும் பிள்ளையே வழக்குரைஞரை அழைத்துவருவதும், வாசகம் சொல்வதும், கையெழுத்து வாங்குவதும் அந்த ஐயங்களில் முதன்மையானவை. எங்கள் வீட்டில் அதிகம் பெறுபவர் அக்கா என்பதால், வழக்குரைஞரிடம் அப்பாவை அழைத்துப் போனது நானும் தம்பியும்.

பதிவு செய்தால் மட்டும் உயில் மெய்யாகிவிடாது. இருந்தாலும் சார்பதிவாளர் முன் எழுதியவர் நேரில் வந்து ஒப்புக்கொண்டார் என்பதற்குச் சான்றும், மூலம் தொலைந்தால் சான்றிட்ட நகலும் கிடைக்கும். நடக்க முடியாதவர் வீட்டுக்கே பதிவு அலுவலரை வரவழைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வாசகத்தை வெளியே காட்ட விரும்பாதவர் முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் வைப்பாகக் கொடுக்கலாம். உயிலில் சொன்னபடி செய்து முடிக்கும் நிறைவேற்றுபவர் ஒருவரின் பெயரைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் புரோபேட் அவருக்கு மட்டுமே வழங்கப்படும். அந்தப் பெயர் இல்லையென்றால், உயிலை இணைத்து நிர்வாக உரிமை ஆணை கேட்டுத் தனி வகையில் மனுச் செய்ய வேண்டியிருக்கும். பூர்வீகச் சொத்தில் தம் பங்கைத் தவிர மற்றதை உயிலில் எழுதிப் பயனில்லை. முஸ்லிம் ஒருவர் மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் வழியாகக் கொடுக்க முடியாது என்பதால், அவர்களுக்கு இந்த ஒப்பீடு வேறு வகையில் அமையும்.

கட்டாயம் போன பிறகும் புரோபேட் என்ற வழி திறந்தே இருக்கிறது. இனி அதைப் பெறுவதா வேண்டாமா என்பது வாரிசுகள் எடுக்கும் முடிவு, அதையும் வீட்டுக்கு வீடு பார்க்க வேண்டும். புரோபேட் என்பது உயில் உண்மையானது என்று உலகத்தார் அனைவரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. அது எழுதியவருக்கு அந்த வீட்டில் உரிமை இருந்ததா என்பதைத் தீர்மானிப்பதில்லை. வாரிசு ஒருவருக்குக் குறைவாகவோ ஒன்றுமில்லாமலோ எழுதியிருந்தால், வாரிசுகளில் மைனர் இருந்தால், அல்லது வீட்டை விற்கும் எண்ணமோ கட்டுமான நிறுவனத்துடன் கூட்டு ஒப்பந்தம் போடும் எண்ணமோ இருந்தால், கட்டாயமில்லை என்பதற்காகப் புரோபேட்டைத் தவிர்ப்பது நல்லதல்ல. வாங்குபவரின் வழக்குரைஞரும் கடன் கொடுக்கும் வங்கியும் அதே கேள்வியைக் கேட்கத்தான் போகிறார்கள், அப்போது சாட்சிகள் இருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. காலத்தையும் கவனிக்க வேண்டும்: விண்ணப்பிக்கும் உரிமை எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுக் காலவரம்பு புரோபேட் மனுவுக்கும் பொருந்தும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மாறாக, எல்லா வாரிசுகளும் வயது வந்தவர்களாக, ஒத்த மனத்துடன் இருந்தால், உயிலை ஏற்றுக்கொண்டு மற்றவர்கள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடலாம். குடும்பத்துக்குள் என்றால் அதற்கும் அதே 40,000, 10,000 உச்சவரம்புகள்தாம். ஒற்றுமை இருக்கும்போதே, பதினாறாம் நாள் முடிந்த சூட்டோடு செய்துவிட வேண்டிய வேலை அது. ஐந்தாண்டு கழித்து மருமக்களும் பேரப்பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டிய நிலை வந்துவிடும்.

எதையும் எழுதாமல் விடுவதும் ஒரு தேர்வுதான், பலர் தெரியாமலே அதைத் தேர்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அனைவருக்கும் தாய்க்கும் சமமாகப் போகட்டும் என்றால் அதில் தவறில்லை. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பாகப்பிரிவினையோ விடுதலையோ எழுதிக்கொள்ளலாம். எங்களுக்கு அது பொருந்தவில்லை, அக்காவுக்குக் கீழ்த்தளம் என்ற அப்பாவின் விருப்பம் அதில் நிறைவேறாது. வங்கி வைப்புகளுக்கு நாமினி போட்டிருக்கிறோமே, அதுவே போதாதா என்று அம்மா கேட்டார். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்காக வைத்திருப்பவர் மட்டுமே, பங்குகளுக்கும் அதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. எனவே வைப்புத் தொகைகளையும் உயிலில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொண்டோம்.

செட்டில்மெண்டே சரியானது என்று நான் சொல்லக்கூடிய குடும்பங்களும் உண்டு. இரண்டு மூன்று வீடுகள் வைத்திருந்து, தாம் வசிக்காத ஒன்றைக் கொடுப்பவர்கள், தமக்குப் பின் ஒரு பிள்ளையை மற்றவர்கள் வழக்கால் அலைக்கழிப்பார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இருப்பிடத்தை இன்றே உறுதி செய்ய விரும்புபவர்கள் ஆகியோர், அனுபவ உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் எழுதிக்கொண்டு அந்த வழியில் போகலாம். வசிக்கும் வீடு ஒன்றே ஒன்றாக இருப்பவர் அதைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்பா உயிலையே தேர்ந்தெடுத்தார். தமக்குப் பின் அம்மாவுக்கு வீடு முழுவதிலும் ஆயுட்கால அனுபவ உரிமை, அதன் பின் கீழ்த்தளம் அக்காவுக்கு, மேல்தளம் எங்கள் இருவருக்கும், மனையில் மூவருக்கும் சமமான பிரிபடாத பாகம், நிறைவேற்றுபவர் தம்பி. அக்காவுக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கான காரணத்தை வழக்குரைஞரின் நடையில் எழுத அவர் சம்மதிக்கவில்லை. தம் கையால் நான்கு வரிகள் எழுதிச் சேர்க்கச் சொன்னார், தட்டச்சில் அவை அப்படியே இருக்கின்றன. சாட்சிகள், அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் மருத்துவரும் எதிர்வீட்டுப் பெண்ணும், இருவருக்கும் ஐம்பது வயது நிறையவில்லை. அடுத்த வாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. மூலப்பத்திரமும் உயிலும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதை எங்கள் மூவரையும் ஒன்றாக நிற்கவைத்து அவர் நேற்றே காட்டிவிட்டார்.